ஏணி எந்தப் பக்கம்

போன கிழமை இரத்மலானைப் பட்டறையிலிருந்து தர்ஷினி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பழைய போர்க்கப்பல் ஒன்றின் மேல்தளம். "பிலோ அக்கா, இந்தப் படத்த வச்சு வேலய தொடங்கலாமா?" என்று கேட்டிருந்தாள். "முதல்ல கயிற்றப் பார்" என்று பதில் போட்டேன். எந்தக் கயிறு என்றாள். எந்தக் கயிறானாலும் பரவாயில்லை என்றேன். அதற்குப் பிறகு அவளும் மற்றப் பிள்ளைகளும் என்னை விடவில்லை. விரலால் தட்டி விளங்கப்படுத்துகிற விஷயமல்ல இது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் பிலோமினா, கொட்டாஞ்சேனைக்காரி. இருபத்தெட்டு வருடம் மாதிரிக் கப்பல்களுக்குக் கயிறு கட்டினேன். உண்மைக் கப்பலின் அளவில் தொண்ணூற்றாறில் ஒரு பங்காக மரத்திலும் பித்தளையிலும் செய்து, வெளிநாட்டில் சேகரிக்கிறவர்களுக்கு அனுப்புகிற பட்டறை எங்களுடையது. உடலைச் செய்கிறவர்கள் ஒரு பகுதி. கைப்பிடிக் கம்பி, ஏணி, உயிர்காப்புப் படகு, நங்கூரச் சங்கிலி, கடைசியாகக் கயிறு எல்லாம் எங்கள் பகுதி. "நாங்க கப்பல் கட்டுறோம், நீங்க நுளம்பு வலை கட்டுறீங்க" என்று அந்தப் பக்கத்து ஆண்கள் கேலி செய்வார்கள். வலை இல்லாத கப்பலை அவர்களே அலுமாரியில் வைத்துப் பார்க்கட்டும் என்பேன்.

தையல் ஆலையில் இருந்துவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஊசி பிடித்த கை என்று எடுத்தார்கள். முதல் ஆறு மாதம் கப்பலையே தொடவிடவில்லை. நூல் முறுக்கினேன், தேன்மெழுகில் இழுத்தேன், மறுபடி முறுக்கினேன். அவ்வளவுதான் என் படிப்பு.

எங்கள் மேற்பார்வையாளர் ரஷீத் நானா, கிராண்ட்பாஸ் பக்கத்து முஸ்லிம் அண்ணன். சத்தம் போட்டு ஒருநாளும் பேசியதில்லை. பிழையான துண்டு ஒன்றைக் கண்டால் சாமணத்தால் கழற்றி, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். தேத்தண்ணி நேரத்தில் திரும்பி வந்து, உங்கள் கோப்பைக்குப் பக்கத்தில் அந்தத் துண்டை வைப்பார். ஒரு வார்த்தை இருக்காது. ஏசினால்கூடத் தாங்கலாம், அந்தத் தேத்தண்ணியைக் குடிக்க முடியாது. கயிறு கொஞ்சம் தொய்ந்திருந்தால் மட்டும் வாய் திறப்பார். "பிள்ள, கயிறு சிரிக்கிது" என்பார்.

அவருக்கு ஒரு பித்து இருந்தது, முறுக்குப் பித்து. கப்பல் கயிற்றை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தால், இழைகள் கீழே இடப்பக்கம் தொடங்கி மேலே வலப்பக்கமாக ஏறும். கப்பல் வேலைக்கு வருகிற கயிறு அநேகமாக எல்லாம் அப்படித்தான். எங்கள் நூலும் அப்படியே இருக்க வேண்டும். நூல் மயிரளவு தடிப்பு, அதில் யார் முறுக்கைப் பார்க்கப் போகிறார்கள் என்று நான் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அன்று முழுவதும் நான் முறுக்கிய கண்டு அவருடைய பையில் இருந்தது.

என் வேலை வாழ்க்கையில் எத்தனையோ கப்பல்கள் வந்து போயின. ஆனால் ஒன்றை மட்டும் இன்றைக்கும் படி படியாகச் சொல்வேன். ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தபோது வந்தது அது.

வாசுகி என்று ஒரு பெண் போனில் பேசினார். வெளிநாட்டில் இருப்பவர். வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கும் தகப்பனுக்கு ஒரு கப்பல் வேண்டும். தகப்பன் சிவஞானம் ஐயா இளவயதில் கடற்படையில் கொடிச் சைகைக்காரராக இருந்தவர், கொடிகளை ஏற்றி இறக்கி மற்றக் கப்பல்களுக்குச் செய்தி சொல்கிற வேலை. அவர் நின்ற கப்பல் நாட்டில் சண்டை தொடங்க முன்னரே உடைத்து விற்கப்பட்டுவிட்டது. அதைச் செய்து தர வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியாக, "அப்பாவுக்கு இப்ப ரெண்டு கண்ணும் தெரியாது. அவர் தொட்டுத்தான் பார்ப்பார்," என்றார்.

நான் சொன்னதும் ரஷீத் நானா மாட்டேன் என்று தலையாட்டினார். "தொட்டா ஒடயும். எங்கட சாமான் கண்ணாடிக்குள்ள ஈக்கிற சாமான்."

நியாயமான பேச்சுத்தான். ஆனால் எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. அதுவரை செய்த கப்பல் எல்லாம் யாரோ ஒருவரின் அலுமாரிக்குப் போனது. இது ஒரு ஆளின் கைக்குப் போகிறது. "ஒடயாம கட்டுறது என் பொறுப்பு நானா," என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு ஓம் என்றார்.

என் சொந்தத்தில் ஒருவர், "தமிழிச்சி நீ, போர்க்கப்பலுக்குப் பொட்டு வைக்கிறியா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கப்பலில் ஒரு தமிழ்ப் பெடியன் இருபது வயதில் கொடி ஏற்றியிருக்கிறான். இது சிவஞானம் ஐயாவுக்கான கப்பல் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

தொடுகிற கப்பலுக்கு வேலை முறையே வேறு. வழக்கமாகக் கைப்பிடிக் கம்பிகளைப் பசையால் ஒட்டுவோம். இதற்கு ஒவ்வொரு காலுக்கும் தளத்தில் துளை போட்டு, உள்ளே இறக்கி, அடியில் ஒரு பித்தளைத் தகட்டோடு ஈயத்தால் பற்றவைத்தேன். பருத்தி நூல் விரல் வியர்வையில் இறுகிவிடும் என்பதால் பொலியெஸ்டர் நூலை முறுக்கினேன். பசையை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு கயிற்றையும் முடிச்சுப் போட்ட பிறகுதான் ஒரு சொட்டுப் பசை வைத்தேன். நடுவிலிருந்து வெளியே, கீழிருந்து மேலே என்ற எங்கள் வரிசையை மட்டும் மாற்றவில்லை. அதை மாற்றினால் பிறகு கை உள்ளே போகாது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கப்பல் முழுவதையும் விரலால் தடவுவேன். எது வளைந்ததோ, எது கழன்றதோ, அதை மறுநாள் முதலில் செய்வேன்.

ஐயா வேலை செய்த கொடித்தளம்தான் சிக்கல். கப்பலின் வரைபடம் கிடைத்தது. ஆனால் கொடித்தளத்துக்கு ஏறும் ஏணியும் கொடிப் பெட்டியும் பின்னால் சேர்த்தவை, வரைபடத்தில் இல்லை. ஐயாவின் அல்பம் கலவரத்தில் வீட்டோடு எரிந்துவிட்டது. நானா எங்கெங்கோ விசாரித்து ஒரேயொரு படம் எடுத்துவந்தார். இரண்டு மாலுமிகள், ஏணி, கொடிப் பெட்டி, கொக்கியில் சுருட்டித் தொங்கவிட்ட கயிறு. எழுத்தோ இலக்கமோ இல்லாத சின்னத் துண்டுப் படம். அதைப் பார்த்து அச்சாக அப்படியே செய்தேன்.

கப்பல் முடிந்ததும் பட்டறை வான் வண்டியில் ஏற்றி, மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, நானும் சாரதியும் காலி நகருக்குப் போகிற வீதியின் நெரிசலில் ஊர்ந்து வெள்ளவத்தைக்குப் போனோம். வெளிநாட்டிலிருந்து வாசுகி வந்திருந்தார். ஐயா மெலிந்த, நிமிர்ந்த மனிதர். சாப்பாட்டுக்குக் கழுவுகிற மாதிரி கையைக் கழுவி, விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

கப்பலின் மூக்கிலிருந்து தொடங்கினார். நங்கூரச் சங்கிலி, பீரங்கி, அதற்குப் பின்னால் மாலுமி மேடை. ஒவ்வொன்றுக்கும் "ஓம்... ஓம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார். மேலே கொடிமரத்திலிருந்து இறங்கும் கயிறுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது என்ரை கயிறு. இதுவும் என்ரை," என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகு விரல் நின்றது. பின்னுக்குப் போய் மறுபடி வந்தது.

"ஏணி மற்றப் பக்கமெல்லோ, பிள்ளை?" என்றார். "மூக்கைப் பார்த்து நிண்டால் இடக்கைப் பக்கம். நீங்கள் வலப்பக்கம் வைச்சிருக்கிறியள்."

"ஐயா, படத்தில வலப்பக்கம்தான் இருக்கு."

"படத்திலையோ?" அவருடைய முகம் மாறியது. "நான் அதிலை கண்ணை மூடிக்கொண்டு ஏறி இறங்கினனான். அப்ப எனக்குக் கண் இருந்தது."

வாசுகி என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு படிவம் காந்தத்தால் ஒட்டியிருந்தது. ஹெந்தளையில் ஒரு முதியோர் இல்லத்தின் படிவம். "அக்கா, அவருக்குக் கொஞ்ச நாளா எல்லாம் மாறிப் போகுது. ரெண்டு தரம் காஸ் அடுப்பைத் திறந்தபடி விட்டிட்டார். இப்ப பாருங்கோ, தன்ரை கப்பலையே மறந்திட்டார். பத்து நாளிலை நான் பிளேன் ஏற வேணும். தனிய விட்டிட்டு எப்பிடிப் போறது?" அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. அவரையும் பிழை சொல்ல முடியவில்லை.

கப்பலைத் திரும்பப் பெட்டியில் வைத்துக்கொண்டு நாங்கள் கிளம்பும்போது ஐயா கதவடியில் என் கையைப் பிடித்தார். குசினியில் பேசியது அவருக்குக் கேட்டிருக்கிறது. "பிள்ளை, நான் சொன்னது பிழையெண்டால் பிழையெண்டு சொல்லுங்கோ. என்னைச் சமாளிக்க வேண்டாம். கண் போனது போகட்டும். இதுவும் போட்டுதெண்டால் நான் தெரிஞ்சுகொள்ள வேணும்."

பட்டறைக்குத் திரும்பியதும் நானாவிடம் சொன்னேன். "நாங்க படத்துல ஈக்கிறதத்தானே செஞ்ச," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, கஸ்டமர் கேக்கிறாரு. மத்தப் பக்கம் வெச்சிக் குடுப்பம். கத முடிஞ்சி."

"அவர் மாத்தித் தாங்கன்னு கேக்கல நானா. தான் சொன்னது சரியா பிழையான்னு கேட்டார். அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல."

நானா படத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். நான் அடுத்த நாள் காலையிலிருந்து அந்தப் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். லென்ஸை எடுத்து, படத்தில் ஒரு விரற்கடை, கப்பலில் ஒரு விரற்கடை என்று ஒப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கழுவிவிட்டு மறுபடி பார்த்தேன். எதையும் விடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

மத்தியானம் கொக்கியில் தொங்கிய கயிற்றுச் சுருளுக்கு வந்தேன். என் சுருளும் படத்துச் சுருளும் ஒத்துப்போகவில்லை. முறுக்கு வேறு பக்கம் ஓடியது. முதலில் நான்தான் பிழையாக முறுக்கிவிட்டேன் என்று பயந்து, வான் வண்டியில் கிடந்த இழுவைக் கயிற்றை எடுத்துவந்து பக்கத்தில் பிடித்தேன். என்னுடையது சரி. படத்தில்தான் இழைகள் கீழே வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கமாக ஏறின. மாலுமியின் காலடியில் இன்னொரு தடித்த கயிறு கிடந்தது. அதுவும் அப்படியே. அபூர்வமாக ஒரு கயிறு தலைகீழாக முறுக்கி வரலாம். ஒரே தளத்தில் இரண்டும் வருமா? இத்தனை வருடப் பழக்கத்தில் என் கை படத்தைப் பார்க்காமலே சுருளைச் சரியாகச் செய்திருந்தது. கண்தான் கவனிக்கவில்லை.

"நானா!" என்று கத்திவிட்டேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது.

அவர் வந்து குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, தன் சட்டைப் பையை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். அது இடப்பக்கம் இருந்தது. படத்திலிருந்த இரண்டு மாலுமிகளுக்கும் பை வலப்பக்கம்! பிலிமைப் புரட்டிப் போட்டுக் கழுவிய படம். கண்ணாடியில் தெரிகிற மாதிரி எல்லாமே பக்கம் மாறியிருந்தது. நாங்களும் அதை நம்பி, ஒரு மனிதனின் ஞாபகத்தைப் பிழையாக்கிவிட்டோம்.

நானாவே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "மகள், ஒங்கட வாப்பா சொன்னது சரி. பிழ எங்கடது."

அந்தப் பக்கம் வாசுகி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் சுருக்கமாகச் சொன்னார், "நன்றி அங்கிள். அவருக்காகத்தான் இப்பிடிச் சொல்லுறீங்கள் எண்டு விளங்குது. கப்பலைக் கெதியாத் தந்தால் காணும்." படத்தையும் கயிற்றையும் பற்றி நான் விளக்க விளக்க, "ஓம் அக்கா, ஓம்" என்றார். நம்பவில்லை. நல்ல மனதோடு பொய் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார். ஐயாவோடு பேச வேண்டும் என்றேன். முறுக்கைப் பார்த்துப் பிழையைப் பிடித்ததைச் சொன்னபோது ஐயா சிரித்தார். "அட, அதைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பன்!" என்றார். ஆனால் படிவம் இன்னும் அந்தக் கதவில்தான் இருந்தது.

கொடிப் பெட்டியும் கொக்கியும் நட்டநடுவில் இருந்ததால் மாற்ற வேண்டியது ஏணி மட்டும்தான். ஆனால் அவிழ்ப்பது கட்டுவதைவிடக் கடினம். ஏணிக்குப் போக என் கை நுழைய வேண்டும், கை நுழையப் பத்தொன்பது கயிறு போக வேண்டும். உடையக் கூடாது என்று நானே போட்ட முடிச்சுகள், ஒவ்வொன்றும் என்னைத் திட்டிக்கொண்டே அவிழ்ந்தது. ஏணியின் ஈயத்தை உருக்கி எடுத்ததும் நானா கையை நீட்டி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தேத்தண்ணி நேரம் வந்தது. ஏணி என் கோப்பைக்குப் பக்கத்தில் வரவில்லை. அன்றும் இல்லை, பிறகு ஒருநாளும் இல்லை. படத்தைத் தேடி எடுத்தவர் அவர். அந்தப் பிழையைத் தானே வைத்துக்கொண்டார்.

ஏணி நின்ற இடத்தில் நாலு துளைகள். மரத்தூளில் பசை குழைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, சாம்பல் நிறம் பூசினேன். மழைக்காலம், பூச்சு காயமாட்டேன் என்றது. மேசை விளக்கை அருகே வைத்துக் காயவிட்டேன். மூன்று தரம் தேய்த்து மூன்று தரம் பூசிய பிறகு நானாவைக் கூப்பிட்டுத் துளை எங்கே என்று கேட்டேன். லென்ஸோடு தேடிவிட்டுக் கையை விரித்தார். புது ஏணி செய்து, அதற்கு இடப்பக்கம் துளை போடும்போது கொடிமரம் ஒருதரம் அசைந்துவிட்டது. புதிதாகக் கட்டியதில் மூன்று கயிறு சிரித்தன. மூன்றையும் வெட்டி மறுபடி கட்டினேன். எட்டு நாள். வாசுகி போவதற்கு முதல்நாள் காலை கடைசி முடிச்சைப் போட்டேன்.

மறுபடி காலி வீதி, மறுபடி மடியில் பெட்டி. இம்முறை நானாவும் வந்தார்.

ஐயா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வாசுகி சுவரோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐயா மூக்கிலிருந்து தொடங்கவில்லை, நேரே கொடித்தளத்துக்குப் போனார். இடப்பக்கம் ஏணியைத் தொட்டார், கொடிப் பெட்டியைத் தொட்டார், கயிற்றுச் சுருளைத் தொட்டார். "ஓம்," என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்து மூச்சு விட்டேன். அவர் கை வலப்பக்கம் போயிற்று. வெறும் தளத்தில் சுட்டுவிரல் மெதுவாக ஊர்ந்து ஓர் இடத்தில் நின்றது. கொஞ்சம் தள்ளி மறுபடி நின்றது.

"முந்தி ஏணி இதிலைதானே நிண்டது, பிள்ளை? ஒண்டு, ரெண்டு... நாலு ஓட்டை அடைச்சிருக்கிறியள்."

என் வாழ்நாளில் பிழை பிடிபட்டதற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். நானா தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். வாசுகி சுவரை விட்டு வந்து குனிந்து பார்த்தார். போனில் டோர்ச்சைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அந்த இடமேதான்," என்றேன். "நாலுதான். எனக்கும் நானாவுக்கும் மட்டும்தான் தெரியும்."

ஓர் ஏணியை வைத்து ஒருவரின் மூளையை அளக்க முடியாது, எனக்கும் அது விளங்கும். திறந்து கிடந்த அடுப்பு திறந்து கிடந்ததுதான். ஆனால் அந்த வீட்டில் அவரை அந்த ஏணியை வைத்துத்தானே அளந்தார்கள். அதனால் அதே ஏணியால்தான் அவருடைய ஞாபகத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டியிருந்தது.

வாசுகி குசினிக்குள் போனார். படிவம் கிழிகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து தகப்பனின் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, ஹெந்தளைக்கு வேண்டாமெண்டு சொல்லுறன். ஆனா அந்தக் காஸ் அடுப்பைத் தூக்கிப் போட்டிட்டு கரண்ட் அடுப்பு பூட்டிப்போட்டுத்தான் போவன். சரியோ?" என்றார்.

"ஏணியை மாத்தினவை, அடுப்பையும் மாத்துங்கோவன்," என்றார் ஐயா. சொல்லிவிட்டு, இரண்டு விரல்களால் இடப்பக்க ஏணியில் படி படியாக ஏறத் தொடங்கினார்.